எத்தனை தடவை? - ஒரு சப்-க்வெரியின் செலவுக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊரை விட்டு மும்பைக்கு வந்து, கிளை கிளையாகச் சுற்றி, இப்போது தலைமை அலுவலகத்தில் ரிப்போர்ட் பார்க்கும் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். "டேட்டாபேஸ் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். இந்தக் கதையின் நடுநாயகம் காஸ்ட் அக்கவுண்டிங். அது எங்க ஏரியா :-)

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னதான் பிரச்சினை?

வங்கியில் கடன் வாங்கியவர் 90 நாளுக்கு மேல் தவணை கட்டாமல் விட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன். (பயிர்க்கடனுக்குக் கணக்கு வேறு, அதை விடுங்கள்.) இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் பெயரில் நாலு கடன் இருந்து, அதில் ஒன்று வாராக்கடன் ஆனால் மற்ற மூன்றும் கூடவே வாராக்கடன். அந்த மூன்றிலும் அவர் ஒழுங்காகத் தவணை கட்டியிருந்தாலும் சரி.

இதை டேட்டாபேஸிடம் எப்படிக் கேட்பது? "ஒவ்வொரு கடன் கணக்காக எடு. அதே வாடிக்கையாளர் எண்ணில் 90 நாளைத் தாண்டிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் இந்தக் கணக்கைக் காட்டு." இதில் நடுவில் வருகிறதே, "இருக்கிறதா என்று பார்", அதுதான் சப்-க்வெரி. கேள்விக்குள் ஒரு கேள்வி. வெளிக் கேள்வியின் ஒவ்வொரு வரிக்கும் (டேபிளின் வரி, வருமான வரி அல்ல) உள்கேள்வி ஒருமுறை மாறுகிறது.

இதற்குப் பதில் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது.

வழி 1: ஒவ்வொரு கணக்குக்கும் போய்ப் போய்ப் பார்ப்பது. ஒரு தடவைக்கு 2 மில்லிசெகண்ட் என்று வையுங்கள்.

வழி 2: கெட்ட வாடிக்கையாளர் பட்டியலை முதலில் ஒரே மூச்சில் தயாரித்து மேஜைமேல் வைத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு கணக்கையும் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது. பட்டியல் தயாரிக்க 60 செகண்ட். ஒத்துப் பார்ப்பது ஏறக்குறைய இலவசம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இப்போதே வாசனை வந்திருக்கும். வழி 1-ல் நிலையான செலவு பூஜ்யம், மாறும் செலவு 2 மில்லிசெகண்ட். வழி 2-ல் நிலையான செலவு 60 செகண்ட், மாறும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பிரேக்-ஈவன் எங்கே? 60-ஐ 0.002-ஆல் வகுத்தால் 30,000. அதாவது 30,000 தடவைக்குக் கீழே என்றால் வழி 1, மேலே என்றால் வழி 2.

ஒரு சின்னக் கிளையின் 20 கணக்கைக் கேட்டால் வழி 1-ல் கண் இமைக்கும் நேரம். வழி 2-ல் வீணாக ஒரு நிமிஷம். பத்து லட்சம் கணக்கைக் கேட்டால் வழி 1-ல் 33 நிமிஷம். வழி 2-ல் அதே ஒரு நிமிஷம். இண்டெக்ஸ் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் புரட்டி, தடவைக்கு 2 செகண்ட் ஆகிறது என்றால் வழி 1 முடிய 23 நாள் ஆகும். காலாண்டுக் கணக்கு அடுத்த மாதம் 23-ஆம் தேதி வரும்!

எந்த வழி என்று தீர்மானிக்கிற மென்பொருளுக்குத்தான் பிளானர் என்றும் ஆப்டிமைசர் என்றும் பெயர். அது வேலையைத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். அதற்கு அது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எத்தனை தடவை? ஐம்பது வருஷமாக இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கதை ஓடுகிறது.

"தரவு வங்கி"யில் ஆரம்பம்

1970-ல் ஐ.பி.எம். சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே "பெரிய, பலர் பகிரும் தரவு வங்கிகள்" என்று வரும். எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன் :-)

காட் சொன்னது இதுதான். தகவல் எந்த மூலையில் இருக்கிறது, எந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால் கிடைக்கும் என்பதெல்லாம் கேட்பவன் கவலையாக இருக்கக் கூடாது. என்ன வேண்டும் என்று மட்டும் அவன் சொல்லட்டும். எப்படி எடுப்பது என்பது மெஷினின் பாடு. எதிர் அணியில் சார்லஸ் பாக்மன். புரோகிராமர் ஒரு மாலுமி, தரவுக் கடலில் அவரே வழி பார்த்துப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. 1974-ல் இருவரும் ஒரே மேடையில் வாதாடினார்கள். இருவருக்குமே டூரிங் விருது கிடைத்தது, பாக்மனுக்கு 1973-ல், காட்டுக்கு 1981-ல்.

அதே 1974-ல் டான் சேம்பர்லினும் ரே பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்ததால் பிற்பாடு எஸ்.க்யூ.எல். ஆயிற்று. பாய்ஸ் அந்த வருஷமே சின்ன வயதில் இறந்துபோனார். ஒரு கேள்வியை இன்னொரு கேள்விக்குள் பெட்டிக்குள் பெட்டியாக வைக்கலாம் என்பது அந்த மொழியில் ஆரம்பத்திலிருந்தே இருந்த விஷயம். கணிதக் குறியீடுகளைப் பார்த்து மிரளுகிற என்னைப் போன்றவர்களும் எழுதட்டும் என்பதுதான் நோக்கம். மனுஷன் எழுத வசதியான அந்த வடிவம்தான் மெஷினுக்குத் தலைவலி ஆனது.

செலிங்கரின் பட்ஜெட்

காட் சொன்னது நடைமுறையில் ஓடுமா என்று நிரூபிக்க ஐ.பி.எம். கட்டிய சோதனை முயற்சி சிஸ்டம் ஆர். அதில் வழி தேர்ந்தெடுக்கும் பகுதியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பாட்ரிசியா செலிங்கர். 1979-ல் அவரும் நாலு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் இந்தத் துறையின் பாலபாடம்.

ஒவ்வொரு வழிக்கும் அவர்கள் ஒரு விலை போட்டார்கள். டிஸ்கிலிருந்து எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்பது ஒரு பங்கு. பிராசசர் செய்கிற வேலை இன்னொரு பங்கு, ஒரு எடை எண்ணால் பெருக்கி அதோடு சேர்க்கப்படும். இரண்டையும் கூட்டினால் செலவு. எது குறைவோ அது வழி. ஸ்டாண்டர்டு காஸ்டிங் படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை.

விவரம் தெரியாத இடத்தில் என்ன செய்தார்கள்? துணிந்து அடித்தார்கள்! இண்டெக்ஸ் இல்லாத ஒரு பத்தியில் "சமம்" என்று கேட்டால் பத்தில் ஒரு பங்கு வரி தேறும். "அதிகம்", "குறைவு" என்று கேட்டு, கணக்குப் போட வழி இல்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு. "இதற்கும் அதற்கும் நடுவில்" என்றால் நாலில் ஒரு பங்கு. ஏன் பத்து, ஏன் மூன்று என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஏதாவது ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் பட்ஜெட் போடுகிற எந்தக் கம்பெனியும் இப்படித்தான் செய்யும்.

சப்-க்வெரிக்கு அந்தக் கட்டுரையில் தனிப் பகுதியே உண்டு. உள்கேள்வி வெளியைச் சார்ந்து இல்லை என்றால் ஒரே தடவை ஓட்டி விடையை வைத்துக்கொள். சார்ந்திருந்தால் வரிக்கு வரி ஓட்டு. அவர்கள் தந்த உதாரணம் சுவாரசியமானது: "தன் மேனேஜரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர் யார்?" (எங்கள் ஆபீஸில் இந்தக் க்வெரியை ஓட்டினால் கலவரம் நிச்சயம்.)

இதோடு ஒரு சின்ன யுக்தியும் சொன்னார்கள். ஒரே மேனேஜருக்குக் கீழே பத்து ஊழியர் என்றால் அந்த மேனேஜர் சம்பளத்தைப் பத்துத் தடவை தேடுவானேன்? ஊழியர்களை மேனேஜர் வாரியாக அடுக்கிவிட்டால், முந்தைய வரியில் கேட்ட அதே மேனேஜர்தானா என்று பார்த்து, ஆமாம் என்றால் பழைய விடையையே போட்டுவிடலாம். பத்து லட்சம் கணக்கு, 3,000 கிளை, கேள்வி கிளையைப் பற்றியது என்றால் பத்து லட்சம் தடவை 3,000 தடவையாகச் சுருங்கும். இந்த யுக்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வேகமாக வந்த தப்பான விடை

1982-ல் வான் கிம் என்பவர் வேறு கோணத்தில் யோசித்தார். தடவைகளை எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதில், பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும் கேள்வியைப் பிரித்துத் தட்டையாக்கி, இரண்டு டேபிளை இணைக்கும் சாதாரணக் கேள்வியாக மாற்றிவிட்டால்? நம் வழி 1-ஐ வழி 2 ஆக மாற்றுகிற வேலைதான். சப்-க்வெரிகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் மாற்றும் சூத்திரம் கொடுத்தார். செலவு மடமடவென்று குறைந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1985-ல், வெர்னர் கீஸ்லிங் ஒரு குண்டைப் போட்டார். கிம்மின் ஒரு மாற்றம் சில நேரம் விடையையே மாற்றிவிடுகிறது!

நம் பாஷையில் சொல்கிறேன். நகைக்கடன் கணக்குகள் மூன்று. ரிஜிஸ்டரில் "அனுப்பிய நோட்டீஸ் எண்ணிக்கை" என்று ஒரு பத்தி. முதல் கணக்கில் 2, இரண்டாவதில் 1, மூன்றாவதில் 0 என்று எழுதியிருக்கிறது. நோட்டீஸ் டேபிளில் நிஜமாகவே முதல் கணக்குக்கு 2 நோட்டீஸ் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் ஒன்றுமே இல்லை. கேள்வி: ரிஜிஸ்டரும் நிஜமும் ஒத்துப்போகும் கணக்குகள் எவை?

வரிக்கு வரி பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும். இரண்டுக்கு இரண்டு, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கிம்மின் வழியில் முதலில் நோட்டீஸ் டேபிளைக் கணக்கு வாரியாகக் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். நோட்டீஸே போகாத மூன்றாவது கணக்கு அந்தப் பட்டியலில் இருக்காது. பூஜ்யம் என்ற வரியே அங்கே கிடையாது. ஆகவே இணைக்கும்போது அது காணாமல் போய்விடும். விடையாக முதல் கணக்கு மட்டும் வரும்.

இதற்கு "கவுண்ட் பிழை" என்று பெயரே வந்துவிட்டது. பூஜ்ய பேலன்ஸ் கணக்கும் கணக்கே இல்லாததும் ஒன்றல்ல என்று எங்கள் கிளை கிளார்க்கே சொல்லிவிடுவார். ஆனால் படித்த பெரியவர்கள் பார்க்கும் ஆய்விதழில் மூன்று வருஷம் தப்பியது. 1987-ல் கான்ஸ்கியும் வாங்கும் ஜோடி இல்லாத வரிகளையும் விடாமல் வைத்துக்கொள்ளும் அவுட்டர் ஜாயின் முறையில் இதைச் சரி செய்தார்கள். அதே வருஷம் உமேஷ்வர் தயாள் இன்னும் பொதுவான ஒரு முறையைக் கொடுத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆடிட் பழக்கம் உள்ளவனுக்கு உறைக்கிற இடம். செலவைக் குறைப்பது இரண்டாவது வேலை, விடை மாறாமல் இருப்பது முதல் வேலை. வேகமாக வந்த தப்பான விடையை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் ஆபத்து. மெதுவாக வந்தாலாவது யாராவது போன் பண்ணிக் கேட்பார்கள்.

இதே ரகத்தில் இன்னொன்று, "நாட் இன்". கே.ஒய்.சி. கொடுத்தவர் பட்டியலில் இல்லாத வாடிக்கையாளர் யார் என்று கேட்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரியில் எண் காலியாக இருந்தால் போதும், விடை மொத்தமாகப் பூஜ்யம். "காலி என்றால் தெரியாது என்று அர்த்தம், தெரியாததோடு ஒப்பிட்டு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது" என்பது எஸ்.க்யூ.எல். நியாயம். அதனால்தான் காலி வர வாய்ப்பு இருக்கும் வரை இந்த வகைக் கேள்வியைத் தட்டையாக்குவதும் கஷ்டம்.

ரூல் புத்தக மேனேஜர்

எல்லோரும் செலவுக் கணக்கு போடவில்லை. ஆரக்கிளில் ரொம்ப நாள் இருந்தது ரூல் அடிப்படையிலான ஆப்டிமைசர். பதினைந்து வழிகள், தர வரிசையில். மேலே இருப்பது கிடைத்தால் அதுதான், டேபிளில் பத்து வரியா பத்துக் கோடி வரியா என்று பார்க்காது. சர்க்குலரில் இருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத மேனேஜர் மாதிரி. ஆள் நல்லவர், நம்பலாம், சில நாள் கழுத்தை அறுப்பார். 1992-ல் ஆரக்கிள் 7 செலவுக் கணக்கைக் கொண்டுவந்தது. 2003-ல் 10ஜி வந்தபோது ரூல் ஆப்டிமைசருக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது.

சென்னை, மேடிசன், பவாய்

நம் ஊர் சம்பந்தம் இல்லாமல் இருக்குமா? 1990-ல் வந்த ஒரு கட்டுரையில் "மேஜிக்" என்ற உத்தியை எஸ்.க்யூ.எல்-க்குக் கொண்டுவந்தார்கள். வெளிக் கேள்விக்கு எந்தெந்த வாடிக்கையாளர் தேவை என்று முதலில் திரட்டி, அந்தப் பட்டியலை உள்கேள்விக்குள் அனுப்பி, அவர்களுக்கு மட்டும் ஒரே தடவையில் விடை கண்டுபிடிப்பது. வழி 1-க்கும் வழி 2-க்கும் நடுவில் ஒரு வழி. அதை எழுதிய நாலு பேரில் ஒருவர் ரகு ராமகிருஷ்ணன், சென்னை ஐ.ஐ.டி-யில் படித்துவிட்டுப் போனவர். அமெரிக்காவில் மேடிசனில் அவரிடம் பி.எச்டி. செய்த எஸ். சுதர்சனும் சென்னை ஐ.ஐ.டி-தான். பிற்பாடு இங்கே பவாய் ஐ.ஐ.டி-க்குப் பேராசிரியராக வந்தார். டேட்டாபேஸ் பாடப் புத்தகத்தின் அட்டையில் சில்பர்ஷாட்ஸ், கோர்த் பெயர்களோடு மூன்றாவதாக இருக்கும் பெயர் அவருடையதுதான்.

2005-ல் பவாயிலிருந்து ரவீந்திர குரவண்ணவர், சுதர்சன் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்கேள்விக்கு அனுப்பும் மதிப்புகளை வரிசைப்படுத்தி அனுப்பினால் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சத்தை ஆப்டிமைசரின் செலவுக் கணக்கிலேயே எப்படிச் சேர்ப்பது என்பதுதான் விஷயம். செலிங்கர் 1979-ல் ஒரு பத்தியில் சொன்ன யுக்தியை முழுக் கணக்காக விரித்தது மாதிரி. பவாய் ஏரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இதை நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கோழியா முட்டையா

இலவசமாகக் கிடைப்பதாலும் உள்ளே திறந்து பார்க்க முடிவதாலும் போஸ்ட்க்ரெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். அங்கே ஒவ்வொரு வழிக்கும் இரண்டு எண் உண்டு. முதல் வரி வெளியே வருவதற்கு முன் ஆகும் தொடக்கச் செலவு, எல்லா வரியும் வந்து முடிய ஆகும் மொத்தச் செலவு. அலகு ரூபாயும் இல்லை, செகண்டும் இல்லை. டிஸ்கில் ஒரு பக்கத்தை வரிசையாகப் படிப்பது 1. தாவித் தாவிப் படிப்பது 4. ஒரு வரியைக் கையாள்வது 0.01. மாற்றாமல் விட்டால் இவைதான் விகிதங்கள்.

2003 வரை "இன்" போட்டு எழுதினால் போஸ்ட்க்ரெஸ் நொண்டும். "எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுது" என்பது அந்தக் காலத்துப் பாட்டி வைத்தியம். 2003-ல் 7.4 வெளிவந்தபோது "இன்" சரியாயிற்று. 2009-ல் 8.4 வந்தபோது "எக்ஸிஸ்ட்ஸ்" கேள்விகளையும் தட்டையாக்கி இணைப்பாக மாற்றக் கற்றுக்கொண்டது. இந்த வேலைகளில் டாம் லேன் என்ற ஒருவரின் உழைப்பு பெரிது.

தட்டையாக்க முடியாமல் மிஞ்சும் சப்-க்வெரிகளுக்கு அவர்கள் போடும் கணக்கு ரொம்ப நியாயமானது. "இருக்கிறதா?" என்ற கேள்வி என்றால் ஒரு வரி கிடைத்தவுடன் நிறுத்திவிடலாம், ஆகவே ஒரு வரியின் செலவு மட்டும். "இவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சமமா?" என்றால் சராசரியாகப் பாதியில் கிடைத்துவிடும், ஆகவே பாதிச் செலவு. மற்றதற்கெல்லாம் முழுச் செலவு.

இது தடவைக்கு ஆகும் விலை. எத்தனை தடவை? அங்கேதான் சிக்கல். உள்கேள்விக்குத்தான் முதலில் பிளான் போடுகிறார்கள், வெளிக்கேள்விக்குப் பிறகு. உள்கேள்விக்கு வழி 1-ஆ வழி 2-ஆ என்று முடிவெடுக்கும் நேரத்தில், வெளியில் எத்தனை வரி வரும் என்று தெரியாது. எத்தனை யூனிட் விற்கும் என்று தெரியாமல் மெஷின் வாங்குவதா, கூலிக்கு ஆள் வைப்பதா என்று முடிவு செய்யச் சொல்கிற மாதிரி.

8.4-ல் இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டார்கள். "இருக்கிறதா" வகைக் கேள்விகளுக்கு இரண்டு பிளானையும் போட்டு, இரண்டையும் கையில் வைத்துக்கொள். ஓட ஆரம்பிக்கும்போது வெளிப் பிளானின் மதிப்பீட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடு. 2021-ல் வந்த 14-ஆம் பதிப்பில் அந்தத் தேர்வை பிளானரின் கடைசிக் கட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். அதே 14-ல் இன்னொன்றும் வந்தது. இணைப்பின் உள்பக்கத்தில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் பழைய விடையை எடுத்துப்போடும் மெமாய்ஸ் வசதி. செலிங்கரின் மேனேஜர் யுக்தியின் ஒன்றுவிட்ட பேரன். நடுவில் 42 வருஷம்!

ஒரு பாதாளமும் உண்டு. பட்டியலை மேஜைமேல் வைக்கும் வழி 2-க்கு மேஜையில் இடம் வேண்டும். மதிப்பீட்டின்படி பட்டியல் மெமரியில் அடங்காது என்றால், "நாட் இன்" போன்ற கேள்விகளில் பிளானர் வழி 2-ஐக் கைவிட்டு வழி 1-க்குப் போய்விடும். நேற்று வரை பத்து நிமிஷத்தில் முடிந்தது இன்றைக்கு விடிந்தாலும் முடியாது. நடுவில் மாறியது சில ஆயிரம் வரிகள்தான்.

வேறொரு சாஃப்ட்வேரில் இதே ரக வியாதியை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். (எந்த வங்கி, எந்த சாஃப்ட்வேர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) காலாண்டு முடிவு. இரவு ஓட ஆரம்பித்த வேலை காலை பதினொன்று வரை முடியவில்லை. நாள் முடியாமல் அடுத்த நாளைத் திறக்க முடியாது. கவுண்டர்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மாத முதல் வாரம், பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். எங்கேயோ ஒரு சர்வரில் ஒரு மதிப்பீடு தப்பியதற்கு, எழுபது வயசு அம்மா ஒருவர் மூன்று மணி நேரம் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காஸ்ட் என்றால் பக்கம், வரி, மில்லிசெகண்ட் மட்டும் இல்லை.

விலை தப்பா, அளவு தப்பா?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேரியன்ஸ் என்று ஒன்று படித்திருப்போம். பட்ஜெட்டுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் வந்தால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். விலை ஏறியதால் வந்ததா, அளவு கூடியதால் வந்ததா?

பிளானர்கள் தப்பும்போது எது காரணம்? 1991-லேயே இயோனிடிஸும் கிறிஸ்டோடவுலாகிஸும் காட்டினார்கள்: எத்தனை வரி என்ற மதிப்பீட்டில் ஆரம்பத்தில் வரும் சின்னத் தப்பு, டேபிள்களை இணைக்க இணைக்கப் பெருக்கல் விகிதத்தில் வளரும். 2015-ல் விக்டர் லைஸ் முதலானோர் சினிமா விவரங்கள் அடங்கிய நிஜ டேட்டாவை வைத்து 113 கேள்விகளைப் பல டேட்டாபேஸ்களில் ஓட்டிப் பார்த்தார்கள். தீர்ப்பு தெளிவானது. விலைப் பட்டியலில் இருக்கும் குறை சின்னது. வரிகளின் எண்ணிக்கை மதிப்பீடுதான் ஆளைக் கவிழ்க்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் விலை வேரியன்ஸ் இல்லை, அளவு வேரியன்ஸ்.

இதிலிருந்து தப்பிக்க இரண்டு பெரிய முயற்சிகளைச் சொல்லலாம். 2015-ல் மியூனிக்கில் நாய்மனும் கெம்பரும் எப்படிப்பட்ட சப்-க்வெரியையும் தட்டையாக்கும் பொது முறை ஒன்றைக் கொடுத்தார்கள். "எத்தனை தடவை" என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வது. மற்றொன்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜெயந்த் ஹரித்சா குழுவினர் 2014-ல் முன்வைத்தது. மதிப்பீட்டை நம்பாமல், சில பிளான்களை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு வரம்பு வைத்து ஓட்டிப் பார்ப்பது. வரம்பைத் தாண்டினால் நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போவது. ஸ்டாப்-லாஸ் போட்டு ஷேர் வாங்குகிற மாதிரி! கொஞ்சம் வீணாகும், ஆனால் எவ்வளவு வீணாகும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாராக்கடனை அடையாளம் காண்பது கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்க வேண்டும், மனிதக் கை படக் கூடாது என்று. 2021 நவம்பரில் இன்னொன்று. கணக்கை வகைப்படுத்துவது அன்றைய நாள் முடிவு வேலையின் பகுதி, அந்த வேலை எத்தனை மணிக்கு ஓடினாலும் தேதி அந்தத் தேதிதான் என்று. நல்ல விஷயம்தான். மேனேஜர் முகம் பார்த்துத் தள்ளிப்போடுகிற வழக்கத்துக்கு முடிவு.

ஆனால் இதன் அர்த்தம் என்ன? டெம்போ ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் கணக்கு கெட்டதா நல்லதா என்று ராத்திரி தீர்மானிப்பது, நான் மேலே எழுதிய மாதிரி ஒரு கேள்விக்குள் கேள்வி. வேகத்துக்காக யாராவது அதை மாற்றி எழுதி, பூஜ்யம் ஒன்று எங்கேயோ விழுந்துபோனால், அவர் பேர் பட்டியலில் வரும், அல்லது வர வேண்டியவர் பேர் வராது. மெதுவாக ஓடினால் பென்ஷன் வரிசை நீளும். அதனால்தான் இதை ஐ.டி. பிரிவின் தனிச் சொத்தாக விடக் கூடாது என்கிறேன். கேள்வியை மாற்றி எழுதினால், பழையதையும் புதியதையும் ஓட்டி விடைகளை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக பூஜ்ய வரிகளையும் காலி வரிகளையும்.

போஸ்ட்க்ரெஸில் ஒரு கேள்வியை "எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்" போட்டு ஓட்டினால் பட்ஜெட்டும் நிஜமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பலரும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓரத்தில் "லூப்ஸ்" என்று ஒரு எண் இருக்கும். அதுதான் எத்தனை தடவை. பக்கத்தில் காட்டும் நேரமும் வரிகளும் ஒரு தடவைக்கான சராசரி, ஆகவே அந்த எண்ணால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 0.02 மில்லிசெகண்ட் என்று சாதுவாக இருப்பது பத்து லட்சத்தால் பெருக்கினால் 20 செகண்ட்.

யூனிட் விலையைப் பார்த்து மயங்காதே, எத்தனை யூனிட் என்று கேள். கல்லூரியில் காஸ்டிங் வாத்தியார் தலையில் குட்டிச் சொன்ன பாடம் இது. செலிங்கரிலிருந்து இன்று வரை எல்லோரும் மல்லுக்கட்டுவதும் இதோடுதான்.

உங்கள் ஆபீஸில் ஒரு ரிப்போர்ட் திடீரென்று ஒரு நாள் படுத்துக்கொண்ட அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஐ.டி. நண்பர்கள் திட்டுவதாக இருந்தாலும் சரி, அதையும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.